இடப்பக்க இருக்கை

டிசம்பர் 11, கீச்சன்

காலை 6.40க்குக் குளத்தங்கரைக்குப் போய்விட்டோம். ஏழு டிகிரி குளிர் என்று அரசி போனைப் பார்த்துச் சொன்னாள். அரக்கோணத்தை விட்டுக் கிளம்பி இன்றோடு பதினைந்து நாள். ராஜஸ்தானின் இந்த மூலைக்கு வந்து சேர 2,400 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ரயில் ஓட்டிய முப்பத்துநான்கு வருஷத்தில் இப்படி முதுகு வலித்ததில்லை. அப்போது தண்டவாளம் வழி காட்டியது. இங்கே எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

சைபீரியாப் பக்கமிருந்து குளிருக்கு இறங்கி வரும் கொக்குகள் இவை. குர்ஜா என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. சத்தம் ஒரு ஸ்டேஷன் கூட்டம்போல இருந்தது. அரசி தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் காதை வைத்து வேலை பார்த்தவள். கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்தே எந்தப் பறவை என்று சொல்லிவிடுவாள். பார்த்துச் சொல்வது என் வேலை. புருஷன் பெண்டாட்டி எங்களுக்குள் அப்படித்தான் ஏற்பாடு.

இன்று பைனாகுலர் சரியில்லை. பனி படிந்து நடுவில் மங்கலாகவே இருக்கிறது. இரண்டு முறை துடைத்தேன். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் பறவைகள் நன்றாகவே தெரிகின்றன.

டிசம்பர் 12

வேனின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். நூறு லிட்டர். கழிவுத் தொட்டியைக் காலி செய்தேன். பழைய டெம்போ டிராவலரை வாங்கிக் கரூரில் கொடுத்து, கட்டில், அடுப்பு, குட்டிக் கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டியபோது இந்த வேலைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றிவிட்டேன். எவர்சில்வர் டம்ளர், வாய் குறுகல். அரசி துணியை எடுத்துத் துடைத்தாள்.

டிசம்பர் 15, பொக்ரான் தாண்டி

இன்று 140 கிலோமீட்டர். சாலை நேர்கோடு. இருபுறமும் ஒன்றுமே இல்லை. மணல், முள்செடி, எப்போதாவது ஒரு ஆட்டு மந்தை. அரசி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "வலது பக்கம் ஒட்டகம் நிக்குது பாருங்க", "முன்னாடி டிராக்டர், மெதுவாத்தான் போவான்." வழக்கமாக வண்டியில் தூங்கிவிடுகிறவள். வயதானால் பேச்சு கூடும்போல.

இந்தப் பக்கத்து மின்கம்பங்களை யார் நட்டார்களோ, எல்லாம் நடுவில் வளைந்து நிற்கின்றன. மணற்காற்று அப்படி. அரசியிடம் சொன்னேன். அவள் கம்பங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் முழங்கால் வலிக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கலாம் என்றாள். வேனை நிறுத்தியிருந்த பெட்ரோல் பங்க் பின்னால் என்ன பறவை இருக்கிறது என்று கேட்டேன். வால்காக்கை இருக்கிறது என்றாள்.

டிசம்பர் 16

வால்காக்கையும் இல்லை.

டிசம்பர் 19, ஜெய்சால்மருக்கு மேற்கே

தங்க நல்ல இடம் கிடைத்துவிட்டது. உமேத் சிங் என்று ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக்குப் பின்னால் வேனை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஆவடியில் நான்கு வருஷம் வேலை பார்த்தாராம். "சாப்ட்டாச்சா" என்று ஒரே ஒரு தமிழ் வார்த்தை தெரியும். பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறார், காலை ஆறு மணிக்குக்கூட.

அவருடைய மனைவி கம்பு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தனுப்பினார். அரசி பதிலுக்குப் புளியோதரை கொடுத்தாள். அந்தம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முக்காட்டுக்குள் வெகுநேரம் இருமினார்.

பறவைப் புத்தகத்தின் அச்சு மோசம். புதுப் பதிப்பில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். அரசிதான் வாசித்துக் காட்டுகிறாள்.

டிசம்பர் 20

மணல். காற்று. பல்லில்கூட மணல்.

டிசம்பர் 23

மகள் திலகா ஓசூரிலிருந்து பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்பது எனக்குக் கேட்டது. அரசி வேனை விட்டு இறங்கிப் போய், வேலியோரம் நின்று பேசினாள். திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்றேன். பேரனுக்குச் சளி என்றாள். இருபது நிமிஷம் சளியைப் பற்றி.

அடுப்பைப் பற்ற வைக்கும்போது விரலில் சுட்டுக்கொண்டேன். பர்னர் ஓரிடத்தில், தீக்குச்சி வேறிடத்தில். இனி சமையல் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டாள். நல்லதுதான். நாற்காலியைப் போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பிணந்தின்னிக் கழுகுகள் மேலே சுற்றின. பெரியவை. அவை தெரிந்தன.

நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டிப் போகிறது. பேனாவை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 26

கானமயில். மூன்று. பார்த்தோம்.

டிசம்பர் 29

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். வேலையில் இருந்தபோது எது நடந்தாலும் அன்றைக்கே அறிக்கை எழுதுவேன்.

மதியம் மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரிக்குப் போனோம். வாத்துகள் இருந்தன. மாலை 5.20க்குத் திரும்பினோம். வேகம் ஐம்பதுக்குள்தான். சூரியன் கீழே இறங்கி நேராகக் கண்ணில் அடித்தது. சாலையில் யாரும் இல்லை. அப்போது அரசி "ஏங்க" என்று கத்தினாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் அவள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டியின் பின்பக்கம் சறுக்கித் திரும்பி, சாலையை விட்டு மணலில் இறங்கி நின்றது.

இறங்கிப் பார்த்தால், சாலை நடுவில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் வயது இருக்கும். தலையில் இரண்டு குடம் அடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார். மண்குடம் உடைந்து, பித்தளைக் குடம் உருண்டு ஓடியிருந்தது. வண்டி அவர்மேல் படவில்லை. இரண்டு முழம் இடைவெளி இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. உடைந்த ஓடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீரை மணல் அதற்குள் குடித்துவிட்டது.

அரசி அவரைத் தூக்கிச் சாலையோரம் உட்கார வைத்து, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். எங்கள் தொட்டியைத் திறந்து அவருடைய பித்தளைக் குடத்தை நிரப்பினாள். எங்களிடம் இருந்த இருபது லிட்டர் கேனையும் நிரப்பினாள். அந்தக் கேனை நான் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் குடிசை வரைக்கும் நடந்தேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். தினமும் இந்தத் தூரம் நடக்கிறாராம். வாசலில் கேனை இறக்கி வைத்ததும் போ என்று கையைக் காட்டினார். கும்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வேனுக்கு வந்தபோது அரசி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பக்கம் வந்து ஏறுங்க" என்றாள்.

மீதி ஒன்பது கிலோமீட்டரையும் அவள்தான் ஓட்டினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

டிசம்பர் 30

காலையில் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நேற்று எழுதினீர்களே, என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். சூரியன் கண்ணில் அடித்ததை எழுதினேன் என்றேன்.

"நாம கிழக்கப் பார்த்து வந்தோங்க. சூரியன் நம்ம முதுகுல இருந்துச்சு" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஏரி மேற்கே, வீடு கிழக்கே. சாயங்காலம். அவள் சொன்னது சரி. ஆனால் சூரியன் அடித்தது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதும்போது பொய் எழுதுகிறோம் என்று தோன்றவே இல்லை.

அவள் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். பிரிக்கத் தேவையில்லை. ஜூலையில் நான் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய் வந்த கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. வலது கண்ணின் நடுப்பகுதியில் ரத்தக் கசிவு, ஒரு வாரத்துக்குள் ஊசி போட வர வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் போகவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். துவைக்கும்போது எடுத்திருக்கிறாள்.

"நீங்களா சொல்வீங்க, சொல்வீங்கன்னு ஆறு மாசம் பார்த்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் தினமும் காலையில் யோகா வகுப்பு என்று போனாளே, அது டிரைவிங் பள்ளி. அறுபத்துநாலு வயதில் அங்கே இருந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று எட்டு போட்டிருக்கிறாள். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். கடைசிப் பத்து நாள் அந்தப் பள்ளியின் டெம்போவில் பழகினாளாம். ஒரு கண்தானே, இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது, பாலைவனத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், பார்க்கட்டும், வழியில் மெதுவாகச் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். மின்கம்பம் வளைந்திருக்கிறது என்று நான் சொன்ன அன்று இடது கண்ணும் போகிறது என்று புரிந்துவிட்டதாம்.

"அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். உங்க மனசு நோகக்கூடாதுன்னு பார்த்தேன். அந்தம்மா செத்திருந்தா பாதிப் பழி என்னுது" என்றாள்.

நான் சீட்டை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

1998இல் என்னோடு நமசிவாயம் என்று ஓர் உதவி ஓட்டுநர் இருந்தார். கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்துத் தேறிவிடுவார். சிக்னல் விளக்கின் நிறத்தை நான் சொன்ன பிறகுதான் அவர் சொல்வதைக் கவனித்தேன். மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவரை ஓடும் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். பிரயாணிகளின் உயிரோடு விளையாடினீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னேன். எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது. கண் ஏ-ஒன்.

டிசம்பர் 31

ஜோத்பூரில் கண் ஆஸ்பத்திரி இருப்பதாக உமேத் சிங் சொன்னார். போனிலேயே நேரம் வாங்கிக் கொடுத்தார். காலை 8.15க்குக் கிளம்பினோம்.

ரயிலில் ஓட்டுநர் இடது பக்கம்தான் உட்காருவார். முப்பத்துநான்கு வருஷம் நான் இடது பக்கம் உட்கார்ந்தவன். இன்றும் அதே பக்கம். கைக்குத்தான் வேலை ஒன்றும் இல்லை.

அரசி நாற்பதுக்கு மேல் போகவில்லை. லாரி எதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். கியர் மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறாள். ரோட்டைப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பிறகு இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை சொன்னபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நீங்க பேசாம வரணும். இல்லன்னா பின்னாடி போய்ப் படுத்துக்குங்க" என்றாள். பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 2, ஜோத்பூர்

டாக்டர் சின்னப் பெண். திலகாவைவிடச் சின்னவள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, இடது கண்ணால் பார்க்கச் சொன்னாள். கோடு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று கேட்டாள். நடுவில் எல்லாக் கோடுகளும் நெளிந்தன. நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அரசி பக்கத்தில் நின்றிருந்தாள். விரலால் வளைவைக் காட்டினேன். வாயால் சொல்லவில்லை.

வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது. அது திரும்பாது. இடது கண்ணில் கசிவு புதிது. இன்றைக்கே ஊசி போட்டால், பிறகு மாதம் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால், இருக்கிற பார்வையைத் தக்கவைக்கலாம். கொஞ்சம் கூடவும் செய்யலாம். வலது கண்ணுக்கு முன்பே ஏன் போகவில்லை என்று டாக்டர் கேட்டாள். அரசி என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கட்டத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

இனி வண்டி ஓட்டக்கூடாது என்றாள். எழுதியும் கொடுத்தாள்.

கண்ணில் ஊசி என்றால் பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு அழுத்தம், அவ்வளவுதான். ஆறு மாதமாக இதற்கா பயந்தேன். இல்லை, பயந்தது இதற்கில்லை.

ஜனவரி 3

கண்ணில் உறுத்தல். அரசி சொட்டு மருந்து விட்டாள். நாள் முழுக்கப் படுக்கை. வேனுக்கு வெளியே தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டன.

இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு படுத்திருந்தபோது கானமயிலை நினைத்தேன். நாட்டிலேயே நூற்றைம்பதுதான் மிச்சம் என்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், புல்வெளியில் அரசி கை காட்டிய இடத்தில் எனக்குப் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. "பார்த்தீங்களா" என்று நடுங்கும் குரலில் கேட்டாள். பார்த்தேன் என்றேன். எழுந்து நோட்டை எடுத்து 26ஆம் தேதிக்குப் போய் ‘பார்த்தோம்’ என்பதை அடித்துவிட்டு ‘அரசி பார்த்தாள்’ என்று எழுதினேன். எழுத்து கோணல்தான், வாசிக்க முடியும்.

சாயங்காலம் திலகா போன் செய்தாள். அரசி போனை என்னிடம் நீட்டினாள். நான் குளிரைப் பற்றிப் பேசினேன். கம்பு ரொட்டியைப் பற்றிப் பேசினேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜனவரி 5

ஊருக்குக் கிளம்புகிறோம். அடுத்த ஊசி நான்கு வாரத்தில், சென்னையில். அரசி நாளுக்கு நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் என்று கணக்கு போட்டிருக்கிறாள். ரயிலில் போய்விடலாம், வேனை யாராவது ஓட்டி வரட்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். டயரில் காற்றடித்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 6, பாலி தாண்டி

மூன்று மணி வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம். ஒரு சின்ன ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. ரோடு மேடேறித் தண்டவாளத்தை அடைகிறது. நாங்கள் மேட்டின் பாதியில் நின்றோம். பின்னால் ஒரு சரக்கு லாரி ஒட்டி நின்றது. அதற்குப் பின்னால் பத்துப் பதினைந்து வண்டி. சரக்கு ரயில் ஒன்று மெதுவாகப் போனது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. சத்தத்தில் எண்ணினேன்.

கேட் திறந்தது. அரசி கிளட்சை விட்டாள். வண்டி பின்னால் உருண்டது. சட்டென்று பிரேக். இன்ஜின் அணைந்தது. மறுபடி கிளப்பினாள். மறுபடி உருண்டு, அணைந்தது. பின்னால் ஹாரன்கள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. அந்தக் குளிரில். "முடியலைங்க" என்று முணுமுணுத்தாள். மூன்றாவது தடவை உருண்டபோது லாரிக்காரன் கத்தினான்.

தள்ளு, நான் எடுக்கிறேன் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கை ஸ்டியரிங் பக்கம் போனதும் உண்மை. அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையை எடுத்து, கதவைத் திறந்து இறங்கினேன்.

லாரிக்காரன் அதற்குள் இறங்கி வந்துவிட்டான். பெரிய மீசை, தலையில் மப்ளர். இந்தப் பொம்பளை கையில் யார் வண்டியைக் கொடுத்தது, கல்லுமாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, நீ ஓட்ட வேண்டியதுதானே என்று இந்தியில் கேட்டான். ரயில்வேயில் இருந்த எனக்கு இந்தி வரும். பதில் சொன்னேன். மூன்று வார்த்தைதான்.

அவன் கையை என் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தான். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு சாலையோரம் போய், தலையளவு கல் ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் பின்சக்கரத்துக்குக் கீழே வைத்தான். பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். எல்லாம் அடங்கியது. அரசியிடம் வந்து, அவசரம் இல்லை அம்மா, மெதுவாக என்று கையால் காட்டினான். என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிவிட்டான். எனக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் ஏறிக்கொண்டேன்.

வண்டி ஏறியது. தண்டவாளத்தின்மேல் குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. ஊர் தாண்டும் வரைக்கும் அரசி கியரிலேயே கவனமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எனக்குக் கண் தெரியலன்னு சொன்னேன்."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டாள். அது போன பிறகு, "திலகாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

சரி என்றேன். போனை எடுத்தேன். வெளிச்சமாக ஒரு கட்டம் தெரிந்தது. அதற்குள் பேர்கள் எல்லாம் எறும்பு வரிசைமாதிரி இருந்தன. சாய்த்துப் பார்த்தேன். ஓரமாகப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளிடமே கேட்டேன், திலகா பேர் எங்கே இருக்கிறது என்று.

"மேலேர்ந்து மூணாவது" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.